மாமியாருக்கு மகளாகிப்போன ரெங்கம்மா

குடித்தாள் என்பது பொய். ஏற்றினார்கள். குடிப்பது வேறு, ஏற்றுவது வேறு. வாய்க்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இன்றைக்கும் லுணுகலைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "ரெங்கம்மாவா? மாமியார் ரத்தத்தைக் குடிச்சுப்புட்டு மகனையும் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனவளாச்சே!" என்று வெற்றிலையைத் துப்புகிறார்கள். துப்பட்டும். வெற்றிலையும் அவர்களுடையது, வாயும் அவர்களுடையது. நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுத் துப்பினால் நல்லது.

சுவரைத் தின்றாள் என்கிறார்களே, அது மெய். மறைக்க என்ன இருக்கிறது? கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்றில், அவள் புருஷன் நல்லையாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அது ரெங்கம்மா தின்ற பள்ளம்தான். ஆனால் அவள் தன் வீட்டுச் சுவரைத்தான் தின்றாள். அடுத்தவர் காம்பராவுக்குள் போய் யாருடைய சுவரையாவது நக்கினாளா? இல்லை. அப்புறம் என்ன பேச்சு?

மழை பெய்து மண்சுவர் ஈரம் கண்டால் ஒரு வாசனை கிளம்பும். எல்லாருக்கும்தான் கிளம்பும். ரெங்கம்மாவுக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் வாயில் எச்சில் ஊறும். கொதிக்கிற குழம்பு மணத்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஈரச் சுவர் மணத்தால் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். பிறகு அடுப்புச் சாம்பல், பச்சரிசி, உடைந்த சட்டி ஓடு. வேண்டாம் என்று மனசு சொல்லும், கை கேட்காது.

மாமியார் பெரியாயி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் அல்ல. புருஷன் செத்த மறுமாதமே அவனுடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, ஆண்களோடு ஆணாக நின்று தேயிலைச் செடி வெட்டியவள். அவள் குரல் எடுத்தால் கீழ் லயத்து நாய்கள் எழுந்து உட்காரும். நல்லையா ஒரே மகன். பெண்பிள்ளை இல்லாத குறை அவளுக்கு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்; ஊரார் பெண்களையெல்லாம் குறை சொல்லித் தீர்த்துக்கொள்வாள்.

"ஏன்டி, நான் ஆக்குன சோறு இறங்கல, துரை கட்டுன சுவரு இறங்குதோ?"

"ஒரு துளிதான் அத்தை."

"துளியா? இப்படியே தின்னு. அடுத்த மழைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நம்ம அடுப்புல சுருட்டுப் பத்தவெப்பான்!"

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து, பதுளைக்கு ரயில் வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் கூட்டம் ஒன்று தோட்டம் தோட்டமாக வந்தது. காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றினார்கள். மண்ணெண்ணெயையும் பாவத்தையும் கலந்தது போன்ற மருந்து. ரெங்கம்மா அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு மலை ஏறி, ஒரு தேயிலைச் செடியின் தூரில் துப்பிவிட்டாள். அந்தச் செடிக்குப் பூச்சித் தொல்லை இருந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ரெங்கம்மாவுக்குத் தீரவில்லை. மழைச் சேற்றில் வெறுங்காலோடு நடந்து நடந்து உள்ளே போன பூச்சிகள் அவள் வயிற்றில் குடித்தனம் நடத்தின. யார் ரத்தத்தை யார் குடித்தார்கள் என்று நியாயம் பேசுகிறவர்கள் அங்கேயிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாளாக ஆக அவள் வெளுத்தாள். உதடும் நகமும் சுண்ணாம்பாயின. பாதம் வீங்கியது. மேட்டில் ஏறினால் காதுக்குள் உடுக்கு அடிக்கும். மலையில் முனி அடித்துவிட்டது என்றார்கள் சிலர். சோம்பேறித்தனம் என்றாள் பெரியாயி. நல்லையா பேசுகிற ஆள் இல்லை. மேடு வந்தால் அவள் தலையிலிருந்த கொழுந்துக்கூடையைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொள்வான். ஆண்பிள்ளை கொழுந்துக்கூடை மாட்டினால் மலையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். கூடையை மட்டும் இறக்கமாட்டான். சாயங்காலம் ஆனால் அவளை வாசற்படியில் உட்காரவைத்து, தானே தேத்தண்ணி ஊற்றி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். உலகத்தில் ரெங்கம்மா ஆசைப்பட்டது அந்த ஒரு நேரத்துக்குத்தான். தாய் தகப்பன் இல்லாதவள், வேறு எதற்கு ஆசைப்படுவாள்?

ஒருநாள் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே விழுந்தாள். இருக்கிறேன் என்று சொன்ன வாயோடு விழுந்ததால் கங்காணி இராமையா அவளை வந்தவள் என்று வைப்பதா, வராதவள் என்று வைப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். தோட்டத்து மருந்துக்காரர் வந்து கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உள்ளே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இன்றைக்கே" என்றார்.

லுணுகலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹாஷிம் நானாவின் மாட்டுவண்டி அன்று பதுளைக்குச் சரக்கு எடுக்கப் போவதாக இருந்தது. நல்லையா ஓடிப்போய்க் கேட்டான்.

"ஏத்திக்கிட்டுப் போக ஏலும், தம்பி. ஆனா வழியில மௌத்தாப் போனா நான் என்ன செய்ற? திரும்பி வாறப்ப அதே வண்டியிலதான் சீனி வரணும்."

பின்னாலேயே வந்திருந்த பெரியாயி குறுக்கிட்டாள். "என் மருமக உன் சீனியைக் கெடுக்க மாட்டா. அவ சீனியே தின்னமாட்டா. சுவருதான் தின்னுவா. வண்டியைக் கட்டு!"

பெரியாயி எதற்காக வண்டியில் ஏறினாள் என்பதற்கும் ஊரில் ஒரு கதை உண்டு. பாசத்தால் இல்லையாம், ரெங்கம்மா மேல் போர்த்தியிருந்த கம்பளி அவளுடையதாம், ஆஸ்பத்திரியில் யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்றுதான் கூடப் போனாளாம். பெரியாயியும் அப்படித்தான் சொன்னாள். கம்பளியின் நுனியைக் கையில் பிடித்தபடியேதான் வந்தாள். ஆனால் வழி நெடுக அந்தக் கையை ரெங்கம்மாவின் மூக்குக்குக் கிட்டேயே வைத்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்கும் கம்பளி நுனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அடிப்பாள்.

ஆஸ்பத்திரியில், சண்டைக்குப் போய்த் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். ஒருவர் ரத்தத்தை எடுத்து இன்னொருவருக்கு ஏற்றுகிற வித்தையை அவர் சண்டைக்களத்தில் படித்திருந்தார். அவர் சொல்வதை யாழ்ப்பாணத்துக் கம்பவுண்டர் ஒருவர் தமிழில் சொன்னார்.

"இந்தப் பிள்ளைக்கு ரத்தம் காணாது. மருந்து வேலை செய்யிற வரைக்கும் உயிர் நிக்காது. ஆரும் ஒராள் ரத்தம் குடுத்தால்தான் தப்பும்."

ரெங்கம்மாவுக்குக் கண் இருண்டிருந்தது. பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. நல்லையாவின் குரல் முதலில் வந்தது: "எடுத்துக்குங்க ஐயா. எல்லாத்தையும் எடுத்துக்குங்க." அவன் ஒரே நேரத்தில் அத்தனை பேசி அவள் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பவுண்டரின் குரல்: "தம்பி, உம்மடை ரத்தம் இவவுக்கு ஒத்து வராது. ஏத்தினால் ஆள் முடிஞ்சுது. வேறை ஆர் இருக்கினம்? அந்த வண்டிக்காரரைக் கூப்பிடுங்கோ பாப்பம்."

"எண்ட ரத்தமா? நான் சீனி ஏத்த வந்த மனிசன், ஐயா!" என்றது வராந்தாவிலிருந்து ஹாஷிம் நானாவின் குரல்.

அதற்குப் பிறகுதான் பெரியாயி வாயைத் திறந்தாள். "ஏன், நான் நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்கு வயசாச்சுது, ஆச்சி. களைச்சுப் போவியள்."

களைப்பா? பெரியாயிக்கா? கம்பவுண்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"யாரைப் பார்த்துக் களைப்புங்கிற? ஆம்பளையோட கவ்வாத்து வெட்டுன கை இது. என் ரத்தம் என்ன கழுநீரா? கடைக்காரரு ரத்தத்தை ஏத்திவிட்டா நாளைக்கு இவ தராசைத் தூக்கிட்டு நிப்பா. எடுடா! எடுக்கலைன்னா உன்னைய விடமாட்டேன்!"

எடுத்தார்கள். பார்த்தார்கள். ஒத்து வந்தது. டாக்டர் சிரித்தாராம். பெரியாயி, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாளாம். ஒருவருக்கொருவர் ஒட்டாத இரண்டு பெண்களின் ரத்தம் அப்படி ஒட்டியது. பெரியாயியின் கையில் ஊசி குத்தி, ஒரு கண்ணாடிக் குடுவையில் உறையாதபடி உப்புத்தண்ணீர் கலந்து பிடித்து, குழாய் வைத்து ரெங்கம்மாவின் கையில் இறக்கினார்கள். இதில் வாய் எங்கே வந்தது? குடித்தது எங்கே?

ரெங்கம்மாவுக்கு முதலில் தெரிந்தது சூடு. தோளிலிருந்து நெஞ்சுக்கு ஒரு சூடு நடந்து வந்தது. பிறகு காதுக்குள் அடித்த உடுக்கு நின்றது. பிறகு உடம்பு தடதடவென்று நடுங்கியது. "குளிருது" என்றாள். கம்பவுண்டர் இன்னொரு போர்வை தேடி ஓடினார். அதற்குள் அவள் கண்ணைத் திறந்து, "ஆளு நடுங்குறது தெரியல? எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று ஒரு சத்தம் போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியாயி எழுந்து உட்கார்ந்தாள். மகனைப் பார்த்தாள்.

"கேட்டியாடா? என் சத்தம்! வந்துருச்சு!"

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. பூச்சி மருந்தைக் கன்னத்தில் அடக்காதபடி மூக்கைப் பிடித்து ஊற்றி, இரும்புச் சத்து மருந்தும் கொடுத்து, தேறிய பிறகு ரெங்கம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேட்டில் ஏறினாள், மூச்சு வாங்கவில்லை. சுவர் ஈரமானது, எச்சில் ஊறவில்லை. கூடை நிறையக் கொழுந்து எடுத்தாள். எடுத்தாளா? பெரியாயி மலை முழுக்கக் கேட்கும்படி, "யாரு ரத்தம்?" என்பாள். ரசம் நன்றாக இருந்தால் யார் ரத்தம். கோலம் நேராக வந்தால் யார் ரத்தம். குழம்பு தீய்ந்துபோனால் மட்டும், "அது ஒன் பழைய ரத்தம். இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கு" என்பாள்.

பழைய மாமியாராக இருந்தால் ரெங்கம்மா எப்படியோ சமாளித்திருப்பாள். பெரியாயி மாமியாராக இருப்பதையே விட்டுவிட்டாள். ரெங்கம்மாவின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தாள். ஆட்டு ஈரல் வாங்கி வந்து ஊட்டினாள். "அத்தை" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "ஆத்தா" என்றால்தான் திரும்புவாள். தாய் முகம் தெரியாத பெண்ணுக்கு அந்தச் சொல் முதலில் தொண்டையில் நின்றது, பிறகு வந்துவிட்டது. வந்த பிறகு, சொல்லத் தித்திப்பாகவும் இருந்தது. பெரியாயி லயம் லயமாகப் போய், "எனக்கும் மக இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தச் சொல் கங்காணி இராமையாவின் காதில் விழுந்தது.

இராமையா கெட்ட மனிதர் அல்ல. ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. தோட்டத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதை நாக்கு நுனியில் வைத்திருந்தார். புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டிக்கும் முறை சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்.

"பெரியாயி, இவ ஒடம்புல ஓடுறது ஒன் ரத்தமா?"

"ஆமாங்க. சந்தேகமா?"

"அப்ப இவ ஒனக்கு என்ன வேணும்?"

"மக!" என்றாள் பெரியாயி, மார்பைத் தட்டிக்கொண்டு.

"நல்லையா ஒனக்கு என்ன வேணும்?"

"இது என்ன கேள்வி? மகன்."

இராமையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? மகனும் மகளும். அண்ணன் கட்டுன தாலி தங்கச்சி கழுத்துல கெடக்கு. இது அடுக்குமா? மழை பெய்யுமா?"

அப்போது மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ரெங்கம்மா கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். "என்னைய ஊசி குத்துனாங்க கங்காணி ஐயா, பெத்துப் போடல" என்றாள். ரத்தம் ரத்தம்தான் என்றார்கள். தாலியைக் கழற்றி வை என்றார்கள். அவள் தாலியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, "கழுத்தோட எடுத்துக்குங்க" என்றாள். கழுத்தோடு எடுக்க யாரும் முன்வரவில்லை. தாலி இருக்கட்டும், ஆள் மட்டும் பிரிந்திருக்கட்டும் என்று தீர்ப்பு ஆனது. மகள் தாய் வீட்டில் இருப்பாள். மகன் மாட்டுப்பட்டியில் படுத்துக்கொள்ள வேண்டும். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டும்.

நல்லையா பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போனான். சாயங்காலம் வாசற்படியில் ரெங்கம்மா தனியாக உட்கார்ந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. உயிர் போகும்போதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இல்லை. செத்திருந்தால் பெண்டாட்டியாகச் செத்திருப்பாள். பிழைத்ததால் தங்கச்சியாகிவிட்டாள்.

மலையில் ஒருநாள் தேயிலைச் செடி நிரையோடு நிரையாக அவன் அவளுக்குக் கிட்டே வந்தான். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி..." என்றான் சத்தமாக. பிறகு சின்னக் குரலில், "ஏ புள்ள, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணே" என்றாள் அவள் சத்தமாக. சின்னக் குரலில், "மாட்டோட மூஞ்சில முழிக்கிறியா?"

"மாடு பரவால்ல. பேசாது."

இப்படி எத்தனை நாளைக்கு ஓட்டுவது? அதற்குள் மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் சேவலும் வாழைப்பழச் சீப்புமாக வந்து இறங்கினான். கந்தப்பன் என்று பேர். பெரியாயியின் அண்ணன் மகன். பெண்டாட்டி செத்து, இன்னொருத்தி ஓடிப்போய், தலையில் எண்ணெய் வழிய நின்றான்.

"அத்தைக்கு மக இருக்காமே. அத்தை மக எனக்கு மொறப்பொண்ணு. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பெரியாயி விளக்குமாற்றைத் தேடினாள். ஆனால் இராமையா தலையை ஆட்டினார். "மொறைப்படி சரிதான்" என்றார். கந்தப்பன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். சுவரிலிருந்த பள்ளத்தையும் பார்த்தான்.

"பொண்ணு சுவரு திங்குமாமே? பயமில்ல. எங்க லயம் கருங்கல்லு."

மறுபடியும் பஞ்சாயத்து என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் ரெங்கம்மா உப்பும் கருவாடும் வாங்க லுணுகலைக்கு, ஹாஷிம் நானாவின் கடைக்குப் போனாள். முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன புள்ள, மறுபடியும் வெளுத்துப்போய் நிக்கிற? பூச்சியா?"

"பூச்சி இல்ல நானா. பஞ்சாயத்து."

கதையைக் கேட்டார். தராசைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அண்ணன் தங்கச்சியா? அடி புள்ள, அண்டைக்கி நான் ஜன்னலால பார்த்துக்கிட்டுத்தானே நிண்டன். அந்தக் கண்ணாடித் துண்டுல உன்ட ரத்தத்தையும் நல்லையாட ரத்தத்தையும் சேத்தாங்க. திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியாப் போச்சு. மாமிட ரத்தத்தைச் சேத்தாங்க. அது மட்டும் தண்ணியோட தண்ணியாக் கலந்துச்சு. அவனுக்கும் உனக்கும் சேரவே இல்ல!"

ரெங்கம்மா கருவாட்டை மறந்துவிட்டாள். "நானா, நாளைக்குக் கடையைச் சாத்திட்டு வர்றீங்களா?"

மறுநாள் கோயில் முன்னால் கூட்டம் நிறைந்துவிட்டது. கந்தப்பன் புது வேட்டியில் இருந்தான். சேவல் அவன் கக்கத்தில் இருந்தது. நல்லையா ஒரு ஓரத்தில், மேலெல்லாம் வைக்கோலோடு நின்றான்.

ரெங்கம்மா கேட்டாள்: "கங்காணி ஐயா, ரத்தம்தான் ஒறவா?"

"ரத்தம்தான் ஒறவு."

"ரத்தம் சேரலைன்னா?"

"சேரலைன்னா வேத்து ஆளு. இதுல என்ன கேள்வி?"

"அப்ப ஹாஷிம் நானா சொல்லட்டும்."

ஹாஷிம் நானா முன்னால் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன். இந்தக் கண்ணால கண்டன். இந்தப் புள்ளைக்கும் மாமிக்கும் கலந்துச்சு. இந்தப் பொடியனுக்கும் இந்தப் புள்ளைக்கும் சேரல்ல. கட்டிக் கட்டியா நிண்டுச்சு."

"ஒரே வயித்துல பொறந்தா ரத்தம் பிரிஞ்சு நிக்குமா?" என்றாள் ரெங்கம்மா. "ரத்தந்தான் கணக்குன்னா நான் ஆத்தா மக, ஒத்துக்கிறேன். ஆனா இவரு ஆத்தாவுக்கு மகன் இல்ல. வேத்து ஆளு. வேத்து ஆளைக் கட்டிக்கிட்டதுல என்ன மொறை தப்பிப்போச்சு?"

இராமையா விரலை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடியும் மடக்கினார். அவருடைய முறைக்கணக்கு எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே வந்து முட்டியது.

"என் வயித்துல பத்து மாசம் கெடந்தவன்டி!" என்று கத்தினாள் பெரியாயி.

"அப்ப ரத்தம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நான் மருமகளாவே இருந்துட்டுப் போறேன். ஒங்களை அத்தைன்னே கூப்பிடுறேன்."

பெரியாயி வாயை மூடினாள். அவள் பேசாமல் இருந்ததை அந்தத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. ஒரு பக்கம் மகன், வைக்கோலோடு நிற்கிறான். இன்னொரு பக்கம், ஆத்தா என்று கூப்பிட்டுப் பழகிய பெண். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ரத்தம் சொல்லிவிட்டது. பெரியாயி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். மனசுக்குள் அவள் போட்ட கணக்கு என்ன என்று பிறகு ரெங்கம்மாவிடம் மட்டும் சொன்னாள்: 'அவன் யாரா இருந்தாலும் சோத்துக்கு வந்துருவான். மகளை விட்டா மறுபடி கெடைக்காது.'

"இவ என் மக" என்றாள் பெரியாயி. "அவரு என் மாப்பிள்ளை."

"ஆத்தா!" என்றான் நல்லையா.

"அத்தைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. சபையில மரியாதை வேணும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு கோயில் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். மருமகன் முன்னால் மாமியார் நேருக்கு நேர் நிற்கலாமா?

கந்தப்பன் விடவில்லை. "மொறை மாப்பிள்ளை நான் இருக்கையில..."

தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என் மகளுக்குத் தாலி ஏறுன அன்னைக்கு நீ எங்கடா போயிருந்த? சேவலை வெச்சுட்டுப் போ!"

சேவலை வைத்துவிட்டுத்தான் போனான். அன்று சாயங்காலமே அது குழம்பாகிவிட்டது. சாப்பிட்டவர்களில் இராமையாவும் உண்டு. அவருக்கும் மனசு ஆறிவிட்டது. முறை கெடவில்லை, திரும்பித்தான் இருக்கிறது என்றார்.

ஆனால் முறை திரும்பினால் எல்லாமும் திரும்ப வேண்டும் அல்லவா? மருமகன் மாமியார் வீட்டில் வந்து குடியிருந்தால் அது வீட்டோடு மாப்பிள்ளை, ஊர் சிரிக்கும். மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். நல்லையாவுக்கு வீடு ஏது? அவன் பிறந்த வீடே இப்போது மாமியார் வீடாகிவிட்டது. கங்காணி துரையிடம் சொல்லி, அதே லயத்தில் ஆள் இல்லாமல் கிடந்த அடுத்த காம்பராவை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு கோழி படுத்தால் வழி அடைந்துவிடும். மகனைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனாள் என்கிறார்களே, போன தூரம் இதுதான்.

பெண் அனுப்புகிற நாளைப் பார்த்து வைத்தார்கள். பெரியாயி பழைய கம்பளியை மடித்துச் சீரில் வைத்தாள். சட்டி, முறம், வெற்றிலைத் தட்டு, ஒரு படி அரிசி. தப்பு அடிக்கிறவர்கள் வந்தார்கள். அடுத்த கதவுக்குப் போவதற்குத் தப்பு எதற்கு என்று அவர்களே கேட்டார்கள். "என் மக சும்மா போவாளா? கோயிலைச் சுத்தி, பிள்ளைங்களைப் பார்த்துக்கிற பிள்ளைக்காம்பரா வழியா, தண்ணி புடிக்கிற பீலிக்கரையைத் தொட்டுட்டு வாங்க" என்றாள் பெரியாயி. நல்லையா வாசலில் புது வேட்டியோடு நின்றான். உள்ளே வரக்கூடாது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன். பெரியாயி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்க" என்றாள். அவன் வாங்கிக் குடித்தான். "சீனி பத்தலை ஆத்... அத்தை" என்றான். கதவுக்குப் பின்னாலிருந்து சீனி டப்பா வந்தது.

பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் அழ வேண்டும். அழாமல் போனால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். ரெங்கம்மா வாசலைப் பார்த்தாள். அங்கே தலையில் தண்ணீர் தெளித்துச் சீவிக்கொண்டு, வைக்கோல் இல்லாமல், நல்லையா நிற்கிறான். அவளுக்கு எப்படி அழுகை வரும்? சிரிப்புத்தான் வந்தது. அடக்கினால் தோள் குலுங்கியது.

"அழுடி!" என்றாள் பெரியாயி அவள் காதுக்குள்.

"வரலையே ஆத்தா."

"ஊரே நிக்கிது. என் மானம் போகுது. அழு!"

வரவில்லை. பெரியாயி முந்தானைக்கு அடியில் கையை விட்டு, தொடையைப் பிடித்து, கவ்வாத்து வெட்டிய கையால் ஒரு கிள்ளு கிள்ளினாள். ரெங்கம்மா "ஆத்தா!" என்று அலறினாள். லயமே உருகிப்போனது. தாய் மேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெரியாயி எதற்குக் கிள்ளினாளோ அதற்கு மேலாகவே தானும் அழுதாள். அவளை யாரும் கிள்ளவில்லை.

தப்புச் சத்தம் எழுந்தது. ரெங்கம்மா, ஒரு கையால் தொடையைத் தேய்த்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து வாசலைத் தாண்டினாள். சிரித்துக்கொண்டே வெளியே போனாள் என்று சொல்கிறவர்கள் அந்தக் கிள்ளிய இடத்தைப் பார்த்ததில்லை.